பசிக்கு மிஞ்சிய வேட்டை



பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னரும் ஓர் ஆசிரியனைக் கேள்விகள் விட்டுவிடுவதில்லை. நான் குடியிருக்கும் மாடம்பாக்கத்தில், மாலை வேளையில் ஏரிக்கரையோரம் உலவும்போது, அக்கம்பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் சிலர் உடன் வருவதுண்டு. அவர்களுள் ஒருவன் சென்ற மார்கழியில் என்னிடம் ஒன்று கேட்டான். தொலைபேசிக் கோபுரம் ஒன்றின் அடியில் புறாவின் இறகுகள் சிதறிக் கிடந்தனவாம். தலையற்ற உடல்கள் இரண்டும், பாதி தின்னப்பட்ட உடல் ஒன்றும் அங்கே இருந்தனவாம். மேலே வல்லூறு ஒன்று அசையாமல் அமர்ந்திருந்ததாம். “ஐயா, பசிக்குக் கொல்வது இயற்கை என்று சொல்கிறீர்கள். ஒரு வேளைப் பசிக்கு மூன்று புறாக்கள் எதற்கு? அது கொலைவெறி அல்லவா?” என்பது அவன் கேள்வி.

நல்ல கேள்வி. இதற்கு “ஆம்” என்றோ “இல்லை” என்றோ ஒரு சொல்லில் விடை கூறிவிட முடியாது. தவறான விடை ஒன்றைப் பலரும் நம்பிவிட்டால், அதனால் பறவைகள் உயிரிழக்கின்றன. எப்படி என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு விலங்கு தன்னால் உண்ண முடிந்ததைவிட மிகுதியாகக் கொல்லுவதை நாம் தமிழில் மிகைக்கொலை என்று வழங்கலாம். இதனை முறையாக ஆராய்ந்து எழுதியவர்களுள் முதன்மையானவர் ஹான்ஸ் குரூக் என்னும் டச்சு அறிஞர். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற டின்பெர்கனின் மாணவர் இவர். இங்கிலாந்தின் மேற்குக் கரையில் ரேவன்கிளாஸ் என்னும் ஊரை அடுத்த மணற்குன்றுகளில் கடற்காகங்கள் ஆயிரக்கணக்கில் கூடு கட்டி வாழ்ந்தன. நிலவற்ற இருண்ட இரவுகளில் நரிகள் அங்கே புகுந்து, பறக்காமல் தரையோடு ஒட்டிக் கிடந்த பறவைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கடித்துப் போட்டுவிட்டு, பெரும்பாலானவற்றைத் தின்னாமலே சென்றன. பின்னர் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டி சமவெளியிலும் அவர் இதனையொத்த காட்சியைக் கண்டார். கும்மிருட்டில் கழுதைப்புலிகள் கூட்டமாகப் புகுந்து, ஒரே இரவில் 82 சிறு மான்களைக் கொன்றிருந்தன. மேலும் 27 மான்கள் படுகாயமுற்றுக் கிடந்தன. உண்ணப்பட்டவை அவற்றுள் மிகச் சிலவே. இவற்றையெல்லாம் தொகுத்து 1972-ஆம் ஆண்டில் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்.

அவர் கண்ட முடிவு இது. நாம் “வேட்டை” என்று ஒரே சொல்லால் குறிப்பது உண்மையில் பல செயல்களின் கோவை. இரையைத் தேடுவது ஒன்று, கண்டதைத் துரத்திப் பிடிப்பது ஒன்று, கொல்லுவது ஒன்று, உண்ணுவது மற்றொன்று. வயிறு நிறைந்தால் உண்ணுதல் நிற்கிறது. தேடி அலைவதும் பெரும்பாலும் நிற்கிறது. ஆனால் இரை தானாகவே காலடியில் வந்து துடிக்குமானால், பிடிப்பதும் கொல்வதும் நிற்பதில்லை. அவற்றைத் தூண்டுவது வயிறு அன்று, கண்ணெதிரே அசையும் இரையே.

இது நமக்கு அயலான செய்தியும் அன்று. கோடையில் ஏரி வற்றிச் சேறும் சிறு குட்டையுமாகும்போது ஊரார் மீன் பிடிக்க இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு சட்டிக் குழம்புக்கு எத்தனை மீன் வேண்டும் என்று கணக்கிட்டு, அத்தனை கிடைத்ததும் கரையேறியவரை நான் கண்டதில்லை. மீன் ஓட வழியின்றித் துள்ளுகிறது. கை தானாக நீள்கிறது. அவர்களைக் கொலைவெறியர் என்று யாரும் சொல்வதில்லை.

இனிப் பறவைகளுக்கு வருவோம். நரிக்கும் கழுதைப்புலிக்கும் பொருந்தியது வல்லூறுக்கும் ஆந்தைக்கும் அப்படியே பொருந்துமா?

முதலில், வேட்டைப் பறவைகளைப் பழக்கியவர்களைக் கேட்போம். நம் நாட்டு அரசர்களிடையே வைரியையும் இராசாளியையும் பழக்கி வேட்டைக்கு விடும் கலை நெடுங்காலம் வழங்கி வந்தது. பாவநகர் அரச குடும்பத்தில் பிறந்து, 1954-இல் சௌராஷ்டிரத்துப் பறவைகளைப் பற்றிப் பெருநூல் எழுதிய தர்மகுமார்சிங்ஜி இக்கலையில் வல்லவர். இக்கலை வல்லார் அனைவரும் அறிந்த அடிப்படை விதி ஒன்று உண்டு. பறவையை நாள்தோறும் நிறுத்துப் பார்க்க வேண்டும். எடை சிறிது கூடினாலும் அது வேட்டைக்கு எழாது. மரக்கிளையில் போய் அமர்ந்து இறகு கோதிக்கொண்டிருக்கும். இறைச்சியைக் காட்டி அழைத்தாலும் வாராது. ஆகவே பசியற்ற பருந்து தானாக இரை தேடிப் போவது அரிது என்பது உறுதி.

ஆனால் இரையே எதிரில் வந்தால்? 1976-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் சிலர் இதனைச் சோதித்துக் கண்டனர். அவர்கள் எடுத்துக்கொண்டது கெஸ்ட்ரல் எனப்படும் சின்னஞ்சிறு வல்லூறு. அதன் முன் எலிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டியபோது, தன் பசிக்கு வேண்டியதற்கு மேலும் அது கொன்றது. இதுவரையில் குரூக் கூறியதுபோலவே இருக்கிறது. அடுத்து நடந்ததுதான் முக்கியம். கொன்ற மிகுதியை அது எறிந்துவிட்டுப் போகவில்லை. எடுத்துச் சென்று மறைத்து வைத்தது. அவ்வாய்வுக் கட்டுரையின் தலைப்பிலேயே மிகைக்கொலையும் மறைத்து வைத்தலும் இணைந்து நிற்கின்றன.

ஏன் மறைத்து வைக்க வேண்டும்? அப்போதே தின்று தீர்த்தால் என்ன? இதற்கு அழகான விடையொன்று ஹாலந்து நாட்டிலிருந்து கிடைத்தது. அங்குள்ள கெஸ்ட்ரல் நம் நாட்டுக்குப் பனிக்காலத்தில் வந்து போகும் அதே இனம். வயல்வெளிக்கு மேலே, கயிற்றில் கட்டித் தொங்கவிட்டாற்போல ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும் செம்முதுகுப் பறவை. செர்ஜ் தான் என்பவரும் அவருடைய தோழர்களும் அதனை நாள் முழுதும் தொடர்ந்து கவனித்து, 1981-இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். அந்நாட்டு வயலில் வாழும் குறுவால் எலிகள் ஏறத்தாழ இரண்டு மணிக்கு ஒருமுறை வளையைவிட்டு வெளியே வருகின்றன. அந்நேரம் பார்த்து வல்லூறு வேட்டையாடுகிறது. பிடித்ததில் ஒரு பகுதியைப் புல்லடியிலோ மண்கட்டிக்குப் பக்கத்திலோ ஒளித்து வைத்துவிட்டு, பொழுது சாயும்போது வந்து எடுத்துத் தின்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏறத்தாழ இருநூறு கிராம் எடையுள்ள பறவை அது. இருபது கிராம் எலி ஒன்றை நண்பகலில் விழுங்கினால், தன் எடையில் பத்தில் ஒரு பங்கைச் சுமந்துகொண்டு பறக்க வேண்டும். ஐம்பது கிலோ எடையுள்ள மாணவன் ஐந்து கிலோ அரிசியை மடியில் கட்டிக்கொண்டு ஓட்டப்பந்தயத்தில் ஓடுவது போன்றது அது. ஓட்டம் முடிந்தபின் உண்பதே அறிவுடைமை. நீண்ட இரவின் குளிரைத் தாங்குவதற்கும் மாலை உணவே உதவும். ஆகவே நண்பகலில் வல்லூறு ஓர் எலியைக் கொன்று தின்னாமல் போட்டுவிட்டுப் போவதை மட்டும் கண்டவன், அதனை வீண் கொலை என்றே எழுதிவைப்பான். மாலை வரை காத்திருந்தவனுக்கே உண்மை விளங்கும்.

மாணவன் கண்ட கோபுரத்துக் காட்சிக்கும் இது பொருந்தும். பனிக்காலத்தில் சென்னைக்கும் சுற்றுப்புறத்துக்கும் வரும் பெரிய வல்லூறு உயரமான கட்டடங்களிலும் கோபுரங்களிலும் தங்கி, அங்கிருந்தே புறாக்களைத் தாக்குகிறது. பாதி தின்றதை மறுபடியும் வந்து தின்பதும், மிகுதியை விளிம்புகளிலும் இடுக்குகளிலும் செருகி வைப்பதும் அதன் இயல்பு. செருகியது காற்றில் கீழே விழுந்தால், அதனை எடுக்கத் தரைக்கு இறங்கி வர அது துணிவதில்லை. கீழே கிடந்த உடல்களை நாம் காண்கிறோம். மேலே செருகியிருப்பது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

குளிர் மிகுந்த வடநாடுகளில் இவ்வழக்கம் பெருஞ் சேமிப்பாகவே வளர்ந்திருக்கிறது. பின்லாந்து, நார்வே முதலிய நாடுகளின் காடுகளில் சிட்டுக்குருவியினும் சற்றே பெரிய குள்ள ஆந்தை ஒன்று உண்டு. இலையுதிர் காலத்தில் அது எலிகளையும் சிறு பறவைகளையும் ஓயாமல் கொன்று, மரப்பொந்துகளில் அடுக்கி வைக்கிறது. பனி மூடி எலிகள் வெளியே தலைகாட்டாத மாதங்களில் அக்களஞ்சியமே அதற்கு உணவு. அதே காடுகளில் வாழும் வேறோர் ஆந்தை, உறைந்து கல்லாகிப்போன எலியின் மேல் முட்டையை அடைகாப்பதுபோல உட்கார்ந்து, தன் உடற்சூட்டால் அதனை இளக்கித் தின்கிறது! ஒரு பறவையின் சிக்கனத்துக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

ஆனால் இக்களஞ்சியத்துக்கு இப்போது ஒரு தீங்கு நேர்ந்திருக்கிறது. பின்லாந்து அறிஞர்கள் பல ஆண்டு கணக்கெடுத்து 2020-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இலையுதிர் காலத்தில் மழை நாட்கள் மிகுந்தால் சேமித்த இரை அழுகிவிடுகிறது. அழுகிய சேமிப்பை உண்ட பெண் ஆந்தைகள் பிழைத்திருக்கும் வாய்ப்பும் குறைகிறது. உலகின் தட்பவெப்பம் மாறுவதால், குளிரை நம்பித் திரட்டிய செல்வம் கைவிட்டுப் போகிறது. முன்பு முன்யோசனையாக இருந்த அதே செயல், வானிலை மாறியதால், மிகைக்கொலையாகிவிடுகிறது. ஆந்தை மாறவில்லை, அதனைச் சுற்றியுள்ள உலகம் மாறிவிட்டது.

நம் நாட்டுக்கு இந்த முறை ஆகாது என்பதைச் சொல்லவேண்டியதில்லை. செங்கற்பட்டு வெயிலில் ஓர் எலி மறுநாள் வரை தாங்குவதே அரிது, எறும்பு மொய்த்துவிடும். ஆதலால் நம்முடைய ஆந்தைகளிடம் நாம் காணும் மிகுதியெல்லாம் ஓரிரு நாளைக்குரியது; அதுவும் பெரும்பாலும் குஞ்சுகள் உள்ள கூட்டில். கூகையை எடுத்துக்கொள்வோம். பெண் கூகை முதல் முட்டையிட்ட உடனே அடைகாக்கத் தொடங்கிவிடுகிறது. அடுத்தடுத்த முட்டைகள் நாள் இடைவிட்டு வருவதால், குஞ்சுகளும் அண்ணன் தம்பிகளாய் வயது வேறுபாட்டுடன் பொரிக்கின்றன. ஆண் பறவை வயலில் எலி மலிந்த இரவுகளில் தேவைக்கு மேலும் கொண்டுவந்து குவிக்கிறது. மழையால் வேட்டை நின்றுபோகும் இரவில் அக்குவியலே கடைக்குட்டியின் உயிரைக் காக்கிறது. வயலெலியை ஒழிக்கும் தொண்டனாக உழவருக்குக் கூகை பயன்படுவதற்கும் இந்த மிகுவேட்டையே ஒரு காரணம். மாயூரத்தை அடுத்த மன்னம்பந்தல் ஏ. வி. சி. கல்லூரி ஆய்வாளர்கள் காவிரிப் பாசன வயல்களில் கூகைகளை ஆராய்ந்தது நினைவுகூரத்தக்கது. கூகை கத்தினால் சாவு வரும் என்று கல்லெறிகிறவர்கள், அது ஓர் இரவில் எத்தனை எலிகளைத் தூக்குகிறது என்று எண்ணிப் பார்த்தால், எறிந்த கல்லைத் தாமே பொறுக்கிக்கொள்வார்கள்!

மத்தியதரைக் கடல் தீவுகளில் வாழும் எலியனோரா வல்லூறைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லவேண்டும். பிற பறவைகள் இளவேனிலில் குஞ்சு பொரிக்க, இது மட்டும் கோடையின் இறுதிவரை காத்திருக்கிறது. ஐரோப்பாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்கு வலசை போகும் சிறு பறவைகள் களைத்துக் கடல்மேல் வரும் காலம் அது. அவற்றைப் பிடித்துக் குஞ்சுகளுக்கு ஊட்டி, மிகுந்ததைப் பாறைப் பிளவுகளில் சேமிக்கிறது. மொராக்கோ நாட்டுத் தீவொன்றில், சிறு பறவைகளின் சிறகிறகுகளைப் பறித்துவிட்டு, உயிரோடு பிளவுக்குள் அடைத்து வைத்திருந்ததைக் கண்டதாகச் சிலர் பத்தாண்டுகளுக்கு முன்பு எழுதினர். வேறு அறிஞர்கள் இதனை ஒப்பவில்லை. தாக்கப்பட்டுத் தப்பிய பறவைகள் தாமே பிளவுக்குள் ஒளிந்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. எனக்கும் இரண்டாவது கூற்றே ஏற்புடையதாகத் தோன்றுகிறது. பறவைக்குச் சிறைக்கூடம் கட்டிக்கொடுக்குமுன் இன்னும் சில சான்றுகளைக் கேட்பது நல்லது.

இவ்வளவும் சொன்னதால், வேட்டைப் பறவை ஒருபோதும் வீணாகக் கொல்வதில்லை என்று நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம். கொல்வதுண்டு. அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையில் ஆலாக்கள் தரையில் கூட்டமாகக் கூடு கட்டுகின்றன. அங்கே கொம்புடைய பெரிய ஆந்தை ஒன்று இரவில் வரத் தொடங்கினால், உடலைத் தின்னாமல் தலையை மட்டும் கொய்து செல்வது உண்டு. அச்சத்தால் தாய்ப்பறவைகள் இரவெல்லாம் கூட்டைவிட்டுப் போய்விட, முட்டையும் குஞ்சும் குளிரில் கெடுகின்றன. ஆந்தை கொன்றதினும், ஆந்தைக்கு அஞ்சியதால் செத்தது மிகுதியாதலும் உண்டு. இருட்டு, நெருக்கம், ஓட வழியின்மை ஆகிய மூன்றும் சேருமிடத்தில்தான் இத்தகைய அழிவு நிகழ்கிறது என்பதைக் கவனியுங்கள். ரேவன்கிளாஸ் நரிக்கும், செரங்கெட்டிக் கழுதைப்புலிக்கும் வாய்த்த சூழ்நிலையும் இதுவேதான்.

இனி, தவறான விடையால் உயிர் போகிறது என்று முன்பு சொன்னதற்கு வருகிறேன். ஸ்காத்லாந்து நாட்டின் மேட்டுநிலங்களில் குரவுஸ் என்னும் கவுதாரி இனப் பறவையைச் செல்வர்கள் சுட்டு விளையாடுவதற்காகவே வளர்க்கிறார்கள். அங்கே வாழும் பூனைப்பருந்து அதன் குஞ்சுகளைத் தூக்குகிறது. நம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் பனிக்காலத்தில் வந்து, கோரைக்கு மேலே தாழப் பறக்கும் பூனைப்பருந்துக்கு அது உறவு. “அது பசிக்காகக் கொல்லவில்லை, கொல்லும் ஆசைக்காகக் கொல்கிறது, எனவே அதனைக் கொல்வதே வழி” என்பது வேட்டைநிலக் காவலர் பலரின் வழக்கு. பருந்தைக் கொல்லக்கூடாது என்று 1954-ஆம் ஆண்டிலேயே அந்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. இருந்தும், செயற்கைக்கோள் கருவி பொருத்திவிடப்பட்ட பூனைப்பருந்துகளில் 72 விழுக்காடு சட்டத்துக்குப் புறம்பாகக் கொல்லப்பட்டன, அல்லது அவ்வாறு கொல்லப்பட்டிருக்கவே பெரிதும் வாய்ப்புண்டு என 2019-இல் வெளியான ஆய்வு காட்டியது.

அவர்கள் வழக்கு உண்மைதானா? லாங்ஹோம் என்னும் இடத்தில் 1998, 1999 ஆகிய இரண்டு ஆண்டுகள் இதனைச் சோதித்தார்கள். பூனைப்பருந்தின் கூட்டருகே கம்பம் நட்டு, செத்த கோழிக்குஞ்சுகளையும் வெள்ளெலிகளையும் நாள்தோறும் வைத்தார்கள். கொல்லும் ஆசையே அதனை ஆட்டுவிப்பதானால், இலவச உணவு கிடைத்தும் அது கவுதாரிக் குஞ்சுகளைக் கொன்றுகொண்டே இருக்கவேண்டும். நடந்தது வேறு. உணவு வைக்கப்பட்ட கூடுகளுக்கு வந்து சேர்ந்த கவுதாரிக் குஞ்சுகள், வைக்கப்படாத கூடுகளுக்கு வந்தவற்றைவிட ஏறத்தாழ 86 விழுக்காடு குறைந்துபோயின. இங்கிலாந்தின் கிரேட் யார்மத் கடற்கரையிலும் இதனையே செய்தார்கள். அங்கே சிறு ஆலாவின் குஞ்சுகளைக் கெஸ்ட்ரல்கள் வாரிக்கொண்டு போயின. அவற்றின் கூடுகளருகே உணவு வைத்தவுடன் இழப்பு குறைந்தது. பசியைத் தணித்தால் தேடல் தணிகிறது. பழைய வேட்டைப்பருந்துக்காரர் தராசில் கண்ட உண்மையும் இதுவே. லாங்ஹோமில் கவுதாரிகளின் தொகை மட்டும் அதனால் பெருகிவிடவில்லை. அவற்றின் குறைவுக்கு வேறு காரணங்களும் இருந்தன. எல்லாப் பழியும் பருந்தின் தலையில் ஏற்றப்பட்டிருந்தது.

நம் ஊர்ப்புறங்களிலும் இத்தகைய பழி உண்டு. விடியற்காலையில் கோழிக்கூண்டைத் திறந்தால் ஏழெட்டுக் கோழிகள் கழுத்து கடிபட்டுச் செத்துக் கிடக்கும். அன்று பகலில் வானத்தில் வட்டமிடும் பருந்தின்மேல் வசைமாரி பொழியும். கவணும் கல்லும் எழும். இரவில் உறங்கும் பருந்து எப்படிக் கூண்டுக்குள் நுழைந்தது என்று யாரும் கேட்பதில்லை. பருந்தும் வைரியும் பகலில், வெளியில் மேயும் குஞ்சொன்றைப் பாய்ந்து தூக்கிக்கொண்டு போகும். ஒன்றைத் தூக்கிய காலில் இரண்டாவதற்கு இடமில்லை. கூண்டுக்குள் பலவற்றைக் கடித்துப் போடுவது பெரும்பாலும் மரநாயோ, கீரியோ, காட்டுப்பூனையோதான். அவையும்கூட, பயந்த கோழிகள் ஓட இடமின்றிச் சிறகடித்துக் கத்துவதாலேயே அப்படிச் செய்கின்றன. இருட்டும் நெருக்கமும் அடைப்பும் சேர்ந்த அந்தச் சிறு உலகத்தைக் கட்டியவர்கள் நாமே. பொழுது சாயுமுன் பஞ்சாரத்தைக் கவிழ்த்து மேலே கல் வைப்பதும், கூண்டின் இடுக்குகளை அடைப்பதும், குஞ்சுகள் மேயுமிடத்துக்கு மேலே பழைய மீன்வலையைக் கட்டுவதும் போதும். பருந்துக்கும் நமக்கும் வழக்கில்லை. மேலும், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இப்பறவைகளுக்குக் காவல் தந்திருக்கிறது என்பதும் நினைவிருக்கட்டும்.

நம் பக்கத்து மாணவர்கள் இதனைத் தாமே ஆராயலாம். மேடவாக்கத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே நன்மங்கலம் காப்புக்காடு இருக்கிறது. அங்கே கைவிடப்பட்ட கல்வெட்டாங்குழிகளின் பாறை விளிம்புகளில் கொம்பன் ஆந்தை கூடு வைக்கிறது. வனத்துறையின் இசைவு பெற்று, ஆசிரியர் ஒருவருடன், தொலைவிலிருந்தே தொலைநோக்கியால் பார்க்க வேண்டும். கூட்டை நெருங்கினால் பறவை இரையைப் போட்டுவிட்டு ஓடும். அதைப் பார்த்துவிட்டு “வீணாக்குகிறது” என்று குறிப்பெழுதினால், எழுதியவர் தம்மைப் பற்றியே எழுதியவராவார்.

ஆந்தைகள் தின்ற இரையின் எலும்பும் மயிரும் உருண்டையாகத் திரண்டு வாய்வழியே வெளிவரும். பாறையடியில் கிடக்கும் அவ்வுருண்டைகளை நீரில் ஊறவைத்துப் பிரித்தால், எலியின் தாடையும் பல்லும் கிடைக்கும். எத்தனை எலிகள் என்று எண்ணிவிடலாம். ஆனால் உருண்டை, தின்றதை மட்டுமே சொல்லும். கொன்றுவிட்டுத் தின்னாததைச் சொல்லாது. ஆதலால் குறிப்பேட்டில் இரண்டு பத்திகள் வேண்டும்: உருண்டையில் கண்டவை ஒன்று, பாறைமேல் முழுதாகக் கிடந்தவை மற்றொன்று. இரண்டாவது பத்திக்கு நாளும் நேரமும் கட்டாயம் எழுதுக. மாலையில் மூன்று எலிகள் விளிம்பில் கிடந்தால், கை வைக்காமல் திரும்பி வந்து, மறுநாள் விடியலில் மீண்டும் பார்க்க வேண்டும். எலிகள் அங்கேயே கிடக்கின்றனவா, இல்லையா? இல்லையென்றால் எடுத்தது தாயா, குஞ்சா, கீரியா? மழையில்லாத நாளாக இருந்தால், குழியின் ஓரத்து மணலில் கீரியின் அடிச்சுவடு தெளிவாகப் பதிந்திருக்கும்.